ஊசி மருந்தும் காப்புறுதிச் சட்டமும்
அமெரிக்க நாட்டின் அறுபது ஆண்டுக்கால வரலாறு

மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவன் என்பன அந்நான்கும். இக்காலத்தில் ஐந்தாவது கூறு ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே மருந்துக்குப் பணம் செலுத்தும் காப்புறுதி. நோயாளி வந்து அமர்ந்திருக்கிறார். மருத்துவர் நோயை அறிந்துவிட்டார். மருந்து அலமாரியில் இருக்கிறது. தாதியும் ஆயத்தமாக நிற்கிறார். ஆயினும் ஐந்தாமவரின் சம்மதம் வரும்வரை ஊசி ஏறுவதில்லை.

இந்த ஐந்தாமவரின் அதிகாரம் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு நல்லதொரு பாடமாகும். அங்கு 1965-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், மருந்தின் குணத்தை நோக்காமல், அது யார் கையால் உடலுக்குள் செலுத்தப்படுகிறது என்பதை நோக்கியது. அந்த ஒரு விதி எத்தனை நோயாளிகளின் வாழ்வை மாற்றியது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அன்று எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

சட்டம் பிறந்த கதை

நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்று 1945 நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் காங்கிரஸ் சபையைக் கேட்டுக் கொண்டார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. திட்டம் நிறைவேறவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 65 வயது கடந்த முதியோருக்கு மட்டுமேனும் அத்தகைய பாதுகாப்பைத் தரும் சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதி ஜான்சன் 1965 ஜூலை 30-ஆம் நாள் மிசௌரி மாநிலத்தில் ட்ரூமனின் ஊராகிய இண்டிபெண்டன்ஸ் நகருக்கே சென்று, முதியவராகிவிட்ட ட்ரூமனின் முன்னிலையில் அதில் கையெழுத்திட்டார். முதல் உறுப்பினர் அட்டையும் ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது. இத்திட்டத்தின் பெயர் மெடிக்கேர். இது 1966 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

கீழ்ச்சபையின் வரிக் குழுத் தலைவராக இருந்த வில்பர் மில்ஸ் என்பவரே இதன் அமைப்பை வகுத்தவர். முதற் பகுதி மருத்துவமனைச் செலவுக்கானது; தொழிலாளரின் ஊதியத்தில் பிடிக்கும் வரியால் நடப்பது. இரண்டாம் பகுதி மருத்துவரின் கட்டணத்துக்கானது. விரும்பிச் சேர்வோர் மாதம் 3 டாலர் சந்தா செலுத்த, அரசாங்கமும் அதே அளவு செலுத்தியது. ஆண்டின் முதல் 50 டாலர் செலவை நோயாளி ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்டதில் நூற்றுக்கு 80 பங்கைக் காப்புறுதியும், 20 பங்கை நோயாளியும் ஏற்க வேண்டும்.

மருந்துச் செலவு என்னவாயிற்று? கடையில் வாங்கி வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அவற்றின் செலவு எவ்வளவு உயரும் என்பதைக் கணக்கிட இயலாது என்ற அச்சமே காரணம். ஆனால் மருத்துவர் தம் கிளினிக்கில் போடும் ஊசியை அவருடைய பணியிலிருந்து பிரித்துப் பார்ப்பது எங்ஙனம்? ஆகவே, மருத்துவரின் சேவையோடு ஒட்டி வருவதும், நோயாளி தானே செலுத்திக் கொள்ள இயலாததுமான மருந்துக்கு மட்டும் இரண்டாம் பகுதி பணம் தரும் என விதிக்கப்பட்டது. அக்காலத்தில் அத்தகைய மருந்துகள் சிலவே. எனவே இவ்விதி பெரிதாக எவர் கண்ணிலும் படவில்லை.

குறையை நீக்க முயற்சி நடவாமலும் இல்லை. 1967-இல் அமைந்த அரசாங்க ஆய்வுக் குழு ஒன்று, முதியோரின் வெளி மருந்துச் செலவையும் மெடிக்கேர் ஏற்க வேண்டும் என 1969-இல் பரிந்துரைத்தது. அது ஏட்டளவில் நின்றது. 1988-இல் காங்கிரஸ் மருந்துச் செலவையும் சேர்த்துச் சட்டம் இயற்றியது. ஆனால் அதற்கான கூடுதல் வரியை முதியோரே சுமக்க வேண்டியிருந்ததால் எதிர்ப்பு மூண்டது. 1989 ஆகஸ்டில் சிக்காகோ நகரில் வரிக் குழுத் தலைவர் ராஸ்டென்கௌஸ்கியின் காரை முதியோர் கூட்டம் மறித்துக் கூச்சலிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் சட்டம் ரத்தாயிற்று. 1965-இல் இடப்பட்ட கோடு அப்படியே நின்றது.

ஒரே நோய்க்கு இரண்டு நீதி

கோடு நின்றதே ஒழிய மருத்துவம் நிற்கவில்லை. வீட்டிலேயே போட்டுக் கொள்ளும் ஊசிகளும், புற்றுநோயை எதிர்க்கும் மாத்திரைகளும் வந்தன. அப்போதுதான் பழைய விதியின் கூர்மை தெரிந்தது.

முடக்குவாத நோயை எடுத்துக் கொள்வோம். அதற்கு 1998-இல் என்பிரல் என்னும் மருந்து அங்கீகாரம் பெற்றது. நோயாளியே தோலுக்கடியில் செலுத்திக் கொள்ளலாம். மறு ஆண்டில் அதே நோய்க்கு ரெமிகேட் என்னும் மருந்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. இதைக் கிளினிக்கில் அமர்ந்து இரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றிக் கொள்ள வேண்டும். முதலாவதற்கு மெடிக்கேர் ஒரு காசும் தராது; இரண்டாவதற்கு நூற்றுக்கு 80 பங்கு தரும். விரல்கள் மடங்கிப் போன ஒரு மூதாட்டி எந்த மருந்தைப் பெறுவார் என்பதை நோயும் மருத்துவரும் மட்டும் தீர்மானிக்கவில்லை. பணமில்லாதவருக்குச் சட்டமே தீர்மானித்தது.

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கும் இதே கதைதான். தசையில் போடும் அவோனெக்ஸ் ஊசியை மருத்துவர் போட்டால் பணம் உண்டு. தோலுக்கடியில் போட்டுக் கொள்ளும் பீட்டாசெரான் ஊசிக்கு இல்லை. நோயாளியின் கை நடுங்கினாலும், ஊரிலிருந்து கிளினிக் தொலைவில் இருந்தாலும், கணக்கு மாறவில்லை.

காங்கிரஸ் இதைச் சிறிது சிறிதாகவே திருத்தியது. ஊசியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கும் ஒரே புற்றுநோய் மருந்தாயின் மாத்திரைக்கும் பணம் தரலாம் என 1993-இல் விதித்தது. ஊசி வடிவமே இல்லாத புதிய மாத்திரைகள் வெளியே நின்றன. 1997-இல் நிர்வாகத்தார், நோயாளி தானே செலுத்திக் கொள்ள இயலாத மருந்து என்பதற்கு முன்னிலும் கடுமையான பொருள் கொண்டனர். அதனால் சில நோயாளிகள் பெற்று வந்த உதவி நின்றது. மக்கள் முறையிடவே, 2000-ஆம் ஆண்டின் சட்டம், பெரும்பாலும் தாமே செலுத்திக் கொள்ளாத மருந்து என அச்சொற்களை மாற்றியது. பெரும்பாலும் என்றால் எவ்வளவு? நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் தாமே போட்டுக் கொள்ளும் மருந்து விலக்கப்படும் என 2002-இல் விளக்கம் வந்தது. தம்மால் ஊசி பிடிக்க முடியாத ஒருவர், முடிந்த பலரின் கணக்கில் சேர்க்கப்பட்டு விலக்கப்பட்டார்.

ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் 2003 டிசம்பர் 8-ஆம் நாள் கையெழுத்திட்ட சட்டமே வெளி மருந்துகளுக்குத் தனிப் பகுதியை ஏற்படுத்தியது. அது 2006 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இடைக்காலத்தில் 50,000 நோயாளிகள் வரை மாற்று மருந்து பெறச் சோதனைத் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. மெடிக்கேர் தொடங்கி மாத்திரைக்கு வழி பிறக்க நாற்பது ஆண்டுகள் சென்றன.

ஊசியின் அளவை மாற்றிய கட்டணம்

யார் கையால் என்னும் கேள்வி இவ்வரலாற்றின் ஒரு பாதி. அந்தக் கைக்கு எவ்வளவு பணம், எந்தக் கணக்கில் என்பது மறு பாதி. இதைத் தெளிவாகக் காட்டுவது சிறுநீரக நோயாளிகளின் அனுபவம்.

1972-ஆம் ஆண்டின் திருத்தத்தால், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள் 65 வயதை எட்டாதவராயினும் மெடிக்கேரில் சேர்க்கப்பட்டனர். இரத்தச் சுத்திகரிப்புச் செய்து கொள்ளும் இவர்களைக் கடுமையான இரத்த சோகை வாட்டியது. 1989 ஜூனில் எப்போயெட்டின் என்னும் ஊசி மருந்து அங்கீகாரம் பெற்றது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக் கொள்ளும் தேவையை அது பெரிதும் குறைத்தது.

இதற்கு மெடிக்கேர் வகுத்த முதற் கட்டணம், 10,000 யூனிட்டுக்குக் குறைந்த எந்த ஊசிக்கும் 40 டாலர் என்பது. 2,000 யூனிட் போட்டாலும் 40. 6,000 போட்டாலும் 40. மருந்து குறையக் குறைய நிலையத்துக்கு மிச்சம் கூடும். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அளவிலேயே மருந்து செலுத்தப்பட்டதில் வியப்பில்லை. இதை உணர்ந்து 1991 முதல் 1,000 யூனிட்டுக்கு 11 டாலர் எனக் கட்டணம் மாற்றப்பட்டது. இப்பொழுது மருந்து கூடக் கூட இலாபம் கூடியது. ஊசியின் அளவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. அளவு மிஞ்சினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் மிகும் என்பதை 2006-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. 2007 மார்ச்சில் மருந்தின் உறையில் கடும் எச்சரிக்கை இடம் பெற்றது. 2011 முதல் சுத்திகரிப்புக்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே தொகை தரும் முறை வந்தது. உடனே ஊசியின் அளவு இறங்கியது.

மருந்து அதே மருந்து. நோய் அதே நோய். கட்டண விதி மாறிய போதெல்லாம் நோயாளியின் உடலுக்குள் சென்ற அளவும் மாறியிருக்கிறது.

பட்டியல் விலையும் மெய்விலையும்

புற்றுநோய் மருத்துவத்தில் இன்னொரு வகைக் கோணல் வளர்ந்தது. கிளினிக்கில் செலுத்தும் மருந்தை மருத்துவரே முதலில் தம் பணத்தில் வாங்கி வைத்துக் கொள்வார். நோயாளிக்குச் செலுத்திய பின் காப்புறுதிக்குக் கணக்கு அனுப்பிப் பணம் பெறுவார். ஆக, மருத்துவர் ஒரு வகையில் வியாபாரியும் ஆகிறார். அவருக்கு எந்த விலையைக் கொடுப்பது?

மெடிக்கேர் நெடுங்காலம் அச்சிட்ட பட்டியல் விலையைப் பின்பற்றியது. 1998 முதல் அதில் நூற்றுக்கு 95 பங்கு தரப்பட்டது. ஆனால் பட்டியல் விலையைத் தீர்மானித்தவை மருந்துக் கம்பெனிகளே. மெய்யாக விற்ற விலை அதைவிட மிகக் குறைவு. இடையில் நின்ற வித்தியாசம் மருத்துவரின் இலாபம். எந்தக் கம்பெனியின் மருந்தில் வித்தியாசம் அதிகமோ அது அதிகம் விலைபோயிற்று. புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கான லூப்ரான் மருந்தை விற்ற டாப் கம்பெனி, இது தொடர்பான வழக்கில் 2001-இல் 87 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த இணங்கியது. இதில் நோயாளிக்கும் நட்டம் உண்டு என்பதை மறத்தலாகாது. ஊதிப் பெருத்த விலையின் ஐந்தில் ஒரு பங்கை அவரன்றோ கட்டினார்!

மருத்துவர்களும் தம் பக்க நியாயத்தைக் கூறினர். மருந்தைக் கலந்து, மணிக்கணக்கில் ஏற்றி, நோயாளியைக் கண்காணிக்கும் வேலைக்கு மெடிக்கேர் கொடுத்த கூலி போதவில்லை. மருந்தில் வந்த மிச்சமே தாதியருக்குச் சம்பளம் கொடுத்தது என்றனர். அதில் உண்மை இருந்தது. எனவே 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் திருத்தியது. மருந்து ஏற்றும் கூலியை உயர்த்தியது. 2005 முதல் மெய்யான சராசரி விற்பனை விலையோடு நூற்றுக்கு 6 சேர்த்துத் தரும்படி விதித்தது.

இந்த ஆறிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. முதுமையில் பார்வையைப் பறிக்கும் ஒரு கண் நோய்க்கு இரண்டு ஊசிகள் உள்ளன. ஒன்று 2006-இல் அங்கீகாரம் பெற்ற லூசென்டிஸ்; ஓர் ஊசி அன்று ஏறத்தாழ 2,000 டாலர். மற்றொன்று, புற்றுநோய்க்கென்று வந்து கண்ணுக்கும் பயன்பட்ட அவாஸ்டின். கண்ணுக்கான சிற்றளவு அன்று ஏறத்தாழ 50 டாலர். இரண்டும் பார்வையைக் காப்பதில் சமமே என அரசாங்க உதவியுடன் நடந்த ஆய்வு 2011-இல் அறிவித்தது. நூற்றுக்கு 6 என்றால் முதலாவதில் மருத்துவருக்கு 120 டாலர். இரண்டாவதில் 3 டாலர். நோயாளியின் ஐந்தில் ஒரு பங்கோ முதலாவதில் 400, இரண்டாவதில் 10. பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடிய இக்கணக்கு, ஒருவருக்கு நன்மையானது மற்றவருக்குச் சுமையாவதைக் காட்டும்.

2016 மார்ச்சில் அரசாங்கம் இதை மாற்ற முன்வந்தது. நூற்றுக்கு 2.5 பங்குடன், மருந்தின் விலை எதுவாயினும் 16 டாலர் 80 காசு தரலாம் என்பது யோசனை. சிற்றூர்க் கிளினிக்குகள் மருந்தை வாங்க இயலாமல் மூடிவிடும் என மருத்துவர்களும் சில நோயாளர் சங்கங்களும் எதிர்த்தனர். அவ்வாண்டு முடிவில் யோசனை கைவிடப்பட்டது.

தனியார் காப்புறுதியும் மாநிலங்களும்

65 வயதுக்குக் குறைந்தவர்களில் பெரும்பாலோர் தனியார் காப்புறுதியை நம்பியிருக்கின்றனர். காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை 1945-ஆம் ஆண்டின் மக்காரன்–பெர்குசன் சட்டம் மாநிலங்களுக்கு விட்டது. ஆனால் 1974-இல் வந்த தொழிலாளர் நலச் சட்டம், முதலாளியே தம் பணத்தில் நடத்தும் மருத்துவத் திட்டங்களை மாநிலக் காப்புறுதிச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. வேலையிடத்தின் வழியே காப்புறுதி பெறும் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய திட்டங்களிலேயே உள்ளனர். ஆகவே மாநிலம் எவ்வளவு நல்ல சட்டம் இயற்றினும் அது அவர்களை எட்டுவதில்லை.

இவ்வெல்லைக்குள்ளும் சில மாநிலங்கள் முயன்றன. புற்றுநோய் மாத்திரைக்கும் ஊசிக்கும் நோயாளியின் செலவில் வேற்றுமை கூடாது என முதன்முதலில் 2007-இல் சட்டம் செய்தது ஓரிகன் மாநிலம். பின்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின.

அண்மைக் காலத்தில் எழுந்த பெரும் வழக்கு வெள்ளைப் பை பற்றியது. மருத்துவமனைகள் தாம் வாங்கும் மருந்தின் மீது பன்மடங்கு விலை ஏற்றுகின்றன என்பது காப்புறுதிக் கம்பெனிகளின் புகார். அதைத் தவிர்க்க, தாம் குறிப்பிடும் மருந்தகத்திலிருந்து நோயாளியின் பெயரிட்டு மருந்தை நேரே மருத்துவமனைக்கு அனுப்பச் செய்தன. இதுவே வெள்ளைப் பை எனப்படுகிறது. நோயாளியே வாங்கிச் சுமந்து வந்தால் அது பழுப்புப் பை. விலைப் புகாரில் நியாயம் உண்டு. ஆனால் புற்றுநோய் மருந்தின் அளவு அன்றைய உடல் எடையையும் இரத்தச் சோதனையையும் பொறுத்தது. அளவு மாறினால் அனுப்பிய மருந்து பயன்படாது; மற்றொரு நோயாளிக்கும் கொடுக்க இயலாது. புதிய பை வரும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளில் நோய் காத்திருப்பதில்லை. இவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்தி 2021-இல் லூசியானா மாநிலம் சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன.

மெடிக்கேர் திட்டத்தைத் தனியார் வழியே பெறுவோருக்கும் புதிய தடை வந்தது. மலிவான மருந்தை முதலில் பயன்படுத்திப் பார்த்து, குணமாகாவிடில் மட்டுமே விலையுயர்ந்த ஊசி மருந்தைத் தரும் படிமுறையைக் கம்பெனிகள் கைக்கொள்ளலாம் என 2018 ஆகஸ்டில் அரசாங்கம் அனுமதித்தது. மேலே கூறிய கண் ஊசி போன்றவற்றில் இம்முறை நன்மை தரலாம். ஆனால் முதல் மருந்து பயன்படவில்லை என்பதை நிரூபிக்கும் காலத்தில் மீளாத கேடு விளையும் நோய்களும் உண்டு. இதனால், ஏற்கெனவே ஒரு மருந்தைப் பெற்று வருபவரைப் பின்னோக்கித் தள்ளலாகாது என 2019-இல் விதி வகுக்கப்பட்டது.

இன்றைய நிலை

ஜனாதிபதி பைடன் 2022 ஆகஸ்ட் 16-இல் கையெழுத்திட்ட சட்டம் மருந்து விலையில் அரசாங்கம் நேரடியாகத் தலையிட வழி செய்தது. பொதுவான விலைவாசியை மிஞ்சி மருந்தின் விலையை ஏற்றும் கம்பெனி அந்த மிகுதியைத் திருப்பித் தர வேண்டும். அத்தகைய ஊசி மருந்தில் நோயாளியின் ஐந்தில் ஒரு பங்கும் 2023 ஏப்ரல் முதல் குறைத்தே கணக்கிடப்படுகிறது. மருத்துவர் செலுத்தும் மருந்துகளுக்கு அரசாங்கம் பேசி முடிக்கும் விலை 2028 முதல் நடைமுறைக்கு வருமென அச்சட்டம் கூறுகிறது.

அதே சட்டத்தால் விந்தையான மாற்றம் ஒன்றும் நேர்ந்தது. கடையில் வாங்கும் மருந்துகளுக்கு நோயாளி ஓராண்டில் கட்டும் தொகைக்கு 2025-இல் 2,000 டாலர் என உச்ச வரம்பு இடப்பட்டது. மருத்துவர் செலுத்தும் மருந்துக்கு மூல மெடிக்கேரில் அத்தகைய வரம்பு இல்லை. துணைக் காப்புறுதி வாங்கலாம். ஆனால் இரண்டாம் பகுதியில் சேர்ந்த முதல் ஆறு மாதம் கழிந்துவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் நோயுள்ளவரைக் கம்பெனி மறுத்துவிடலாம். 1965-இல் ஊசி பெறுபவர் உள்ளேயும் மாத்திரை உண்பவர் வெளியேயும் நின்றனர். இன்று மாத்திரை உண்பவருக்கு வேலி உண்டு. துணைக் காப்புறுதி இல்லாமல் கிளினிக்கில் புற்றுநோய் மருந்து ஏற்றிக் கொள்பவருக்கு வேலி இல்லை. பக்கங்கள் மாறினவே அன்றிக் கோடு அழியவில்லை.

செலவைக் கட்டுப்படுத்தும் விதி வேண்டாம் எனக் கூறுதல் பேதைமை. விதி தளர்ந்தபோது பட்டியல் விலை ஊதிப் பெருத்ததை இவ்வரலாறே காட்டுகிறது. ஆனால் விதி வகுப்போர் பணம் எவ்வளவு மிஞ்சும் என்பதை முதல் நாளே கணக்கிட்டனர். நோயாளிக்கு மருந்து எந்த நாளில், எந்த அளவில் கிடைக்கும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே கணக்கிட்டனர். இரண்டு கணக்கையும் ஒரே நாளில் போட்டிருந்தால், விரல் மடங்கிய மூதாட்டி தமக்கு ஏற்ற ஊசிக்காக 2006 வரை காத்திருக்க நேர்ந்திராது.